நிஜமான அடி

ராஜமணிக்குக் கிடைத்தது ஐந்து வரி வசனம். பதினோரு வருடமாக வைகறை நாடக சபையில் திரை இழுத்து, நாற்காலி சுமந்து, ஒத்திகைக்கு வடையும் சாயாவும் வாங்கி வந்த மனிதருக்கு அதுவே பெரிய சொத்து. சாலைக் கடைத்தெருவில் ஒரு இரும்புக் கடை குடோனில் வேலை. சரக்கு இறக்கும் இடைவெளியில் கம்பிக் கட்டுகளைப் பார்த்து அந்த வசனத்தைச் சொல்லிக்கொண்டிருப்பார். "முதலாளி, உங்க சோத்தைத் தின்னேன், இல்லேன்னு சொல்லல. ஆனா என் முதுகை உங்களுக்கு எழுதிக் குடுக்கல" என்று தொடங்கும். அவருக்கு வேலைக்காரன் வேஷம். அவன் இதைச் சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறுவான். அத்தோடு காட்சி முடியும்.

அந்த வசனத்துக்கு முன்னால் முதலாளி அவனை ஒரு அறை அறைய வேண்டும். முதலாளியாக நடிப்பவர் கோமதிநாயகம். திருநெல்வேலிக்காரர், வலியசாலையில் வீடு, தம்பானூரில் ஆடிட்டர் ஆபீஸ். நாடகத்தை எழுதுவதும் இயக்குவதும் அவர், நாயகனும் அவரே. அறை என்றால் கை கன்னத்துக்கு முன்னால் காற்றில் போகும். சத்தத்தை சைடு படுதாவுக்குப் பின்னாலிருந்து தாணுலிங்கம் கைதட்டிக் கொடுப்பார்.

தாணுலிங்கத்துக்கு வசனம் எடுத்துக் கொடுக்கிற வேலையும் உண்டு. மூக்கைக் காகிதத்தில் புதைத்துக்கொண்டு நிற்கிறவருக்கு மேடையில் கை எப்போது ஓங்குகிறது என்று எப்படித் தெரியும்? நாகர்கோவில் நாடகத்தில் கோமதிநாயகம் கையைத் தூக்கும் முன்பே பட்டென்று அடிச் சத்தம் கேட்டுவிட்டது. ஜனங்கள் போட்ட ஊளையில் காது கிழிந்தது. தாணுலிங்கத்தை மாற்றலாம் என்றால் அவர் கோமதிநாயகத்தின் சொந்தத் தாய்மாமன். கோமதிநாயகம் அந்தக் காட்சியையே மாற்றினார்.

"அடியும் வேண்டாம், வசனமும் வேண்டாம். நீ காப்பியை வச்சிட்டுப் போ வே," என்றார் கடைசி ஒத்திகையில்.

ராஜமணிக்குத் தலையில் இடி விழுந்தது. ஏனென்றால் அந்த ஞாயிற்றுக்கிழமை நாடகத்துக்கு அவருடைய சம்பந்தி வீடே திரண்டு வருகிறது. மகள் ஷாலுவுக்குப் பாறசாலையில் பேசி முடித்திருந்தார்கள். பையன் பிஜு. அவனுடைய அப்பா சுவாமிதாஸ் ரிட்டயர்ட் ஹெட்மாஸ்டர். பெண் பார்க்க வந்த அன்று அவர், "சம்பந்திக்கு என்ன ஜோலி?" என்று கேட்க, குடோன் என்று சொல்ல வாய் வராமல் ராஜமணி விழித்தார். மனைவி லீலாபாய்தான் முந்திக்கொண்டு, "அவிய நாடகத்துல நடிக்காவ, பெரிய சபையாக்கும்" என்று சொல்லிவிட்டாள். சுவாமிதாஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்படியா? கொள்ளாமே! எங்களுக்கும் காணணும் கேட்டோ!" என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு படித்த மனிதர் ராஜமணியை மரியாதையோடு பார்த்தார். அந்தப் பார்வைக்காக அவர் எதையும் செய்திருப்பார். செய்யவும் செய்தார்.

"சாரே, கைதட்டுனாத்தானே பிரச்சினை? நெஜமாட்டே அடிங்க. எனக்கொண்ணும் இல்ல. வசனத்தை மட்டும் எடுக்காதீங்க."

கோமதிநாயகம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நெசமாவா? வலிக்கும்வே."

"ஒரு அடிதானே சார்."

வலியப் போய் வாங்கிக் கட்டிக்கொள்வது என்பார்களே, அதை இவ்வளவு பணிவாகக் கேட்டு வாங்கிய ஆள் வேறு யாரும் இருக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை, நாடகத்துக்காக வாடகைக்கு எடுத்த கல்யாண மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் சுவாமிதாஸ், அவர் மனைவி, பிஜு, பக்கத்தில் ஷாலு, பட்டுச்சேலையில் லீலாபாய். நாடகமோ அறுவை. கோமதிநாயகம் குடும்ப மானத்தைப் பற்றி முழங்க முழங்க, ஜனங்கள் கொட்டாவி விட்டார்கள், போனைத் தடவினார்கள். மனிதருக்கு மேடையிலேயே வியர்த்தது. அந்த நேரத்தில்தான் ராஜமணி காப்பித் தம்ளரோடு உள்ளே வந்தார்.

அடி விழுந்தது. நிஜமான அடி. மைக் பக்கத்தில் இருந்ததால் மண்டபம் முழுக்கக் கேட்டது. ராஜமணியின் தலை ஒரு பக்கமாகத் திரும்பி, காதுக்குள் கொய்ங் என்றது. தூங்கிக்கொண்டிருந்த யாரோ திடுக்கிட்டு எழுந்து ஓவென்று சிரித்தார். அவரைப் பார்த்து நாலு பேர் சிரித்தார்கள்.

அன்றைக்குக் கோமதிநாயகத்துக்குக் கிடைத்த முதல் சிரிப்பு அது. ருசி கண்டுவிட்டார்.

ராஜமணி நிமிர்ந்தார். துண்டைப் பிடித்தார். "முதலாளி..."

"என்னடா முதலாளி?" பளார் என்று இன்னொன்று. ஒத்திகையில் இல்லாத அடி. இந்தத் தடவை பாதி மண்டபம் சிரித்தது.

"உங்க சோத்தை..."

பளார். "சோறு கேக்குதோ சோறு?"

மண்டபம் அதிர்ந்தது. ராஜமணி வாயைத் திறந்தால் அடி, மூடினால் கோமதிநாயகம் காதைப் பிடித்துத் திறக்க வைத்து அடி. படுதாவுக்குப் பின்னாலிருந்த தாணுலிங்கமோ, பாவம் ஆள் வசனத்தை மறந்துவிட்டான் என்று நினைத்து, "உங்க சோத்தைத் தின்னேன்! சொல்லுடே! சோத்தைத் தின்னேன்!" என்று அடித்தொண்டையில் கத்தினார். அது மைக்கிலும் விழுந்தது. ஜனங்கள் நாற்காலியைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள்.

அந்தக் கையைப் பிடித்துத் தடுத்திருக்கலாமே என்று கேட்கலாம். கம்பிக் கட்டு தூக்குகிற கை, ஆடிட்டர் கையைப் பிடிக்க முடியாதா? முடியும். ஆனால் அடிக்கச் சொன்னது அவரேதான். இன்னும் ஒன்று, இத்தோடு நிறுத்துவார், பிறகு வசனத்தைச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு அடிக்கும் நம்பினார். நம்பிக்கை போல மனிதனை மட்டம் தட்டுவது வேறில்லை. கடைசியில் கோமதிநாயகம் அவர் பின்பக்கத்தில் ஒரு உதை விட்டு, "போடா, போய் வேற காப்பி கொண்டா" என்றார். கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. வசனம் ராஜமணியின் தொண்டையிலேயே கிடந்தது.

நாடகம் முடிந்ததும் கோமதிநாயகம் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "பிரமாதம் வே! இனிமே எல்லா ஊர்லயும் இப்படித்தான். வசனத்தை எடுத்துருவோம், அது எதுக்கு?"

ராஜமணிக்கு வலது கன்னம் வீங்கி, கண்ணோரம் சிவந்திருந்தது. குழாயடியில் முகம் கழுவிவிட்டுத் திரும்பினால், சம்பந்தி வீட்டார் மேடைக்குப் பின்னாலேயே வந்துவிட்டார்கள். சுவாமிதாஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். சிரித்துச் சிரித்து வந்த கண்ணீர்.

"எம்மா, என்னா சிரிப்பு! சம்பந்தி நல்லா அடி வாங்குதீரு கேட்டோ!" நீர் என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான். அதுவரை நீங்கள்.

"அடிபொளி மாமா!" என்றான் பிஜு. "ஒரு ரீல் எடுக்கலாமா? நான் ஒண்ணு அடிக்கேன். மாமா ஒண்ணும் பேசாண்டாம், மூஞ்சைத் திருப்புனா மதி, அது போதும்."

ராஜமணி மகளைப் பார்த்தார். அவள் ஏதாவது சொல்வாள் என்று நினைத்தார். ஷாலு அவனுடைய போனை வாங்கிக்கொண்டு இரண்டடி பின்னால் நகர்ந்து, வெளிச்சம் விழும் இடம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம் மக்கா, வலிக்குது," என்றார் மெதுவாக.

"அய்யோ, மாமா இப்பவும் நடிக்காரு!" என்று பிஜு கெக்கலித்தான். எல்லாரும் சிரித்தார்கள். கோமதிநாயகமும் வந்து நின்று சிரித்தார்.

லீலாபாய் கணவனின் காதருகே வந்தாள். அவள் சிரிக்கவில்லை. "பிள்ளைக்க ஆசையல்லா, மறுக்காதீங்க. கல்யாணம் முடியட்டு," என்றாள்.

ராஜமணி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளிச்சத்தில் வந்து நின்றார். பிஜு கையை ஓங்கிப் பார்த்தான். ராஜமணி நல்ல உயரம்.

"அப்பா, அவருக்குக் கை எத்தல," என்றாள் ஷாலு போனைப் பார்த்தபடியே. "கொஞ்சம் குனிஞ்சு நில்லுங்கப்பா."

ராஜமணி குனிந்தார்.