ஒன்றாம் எண் பொத்தான்

"நீங்க சிவப்புன்னு சொன்னா கறுப்பு. கறுப்புன்னு சொன்னா சிவப்பு. அப்படித்தானே?"

"இல்ல," என்றார் அவர்.

"இல்லன்னா ஆமா. சரி, வேலையைப் பார்ப்போம்."

அவர் இடது கையைத் தூக்கி இன்னும் ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் அவள் காரின் பானெட்டுக்கு அடியில் தலையை விட்டுவிட்டாள். மனுஷர் கையைக் கீழே போட்டுக்கொண்டு, ஓட்டுநர் கதவுக்குப் பக்கத்தில் அவள் போட்டுக் கொடுத்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்தார். கைத்தடி மடியில் கிடந்தது.

ஏழு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில், பல் துலக்கிக்கொண்டிருந்தபோது, அவருடைய வலது கையும் காலும் சொன்ன பேச்சைக் கேட்காமல் போயின. மருந்துக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி அவர். இரண்டு நிமிஷம்தான் தருவேன் என்கிற டாக்டரிடம் இருபது நிமிஷம் பேசிவிட்டு, வெளியே வரும்போது காபியும் குடித்துவிட்டு வருகிற ஆள். வாயால் பிழைத்த மனிதருக்கு மூன்று மாதம் வாயே திறக்கவில்லை. திறந்தபோது வார்த்தைகள் தலைகீழாக வந்தன. ஜன்னலை மூடு என்றால் திற என்று அர்த்தம். காபி சூடு என்றால் ஆறிப்போய்விட்டது. சிவப்பு கறுப்பாகவும், ஆமாம் இல்லையாகவும் இடம் மாறிக்கொண்டன.

முதல் நாள் அவர் அதை உணர்ந்து கண்கலங்கியபோது அவள்தான் சிரிக்கவைத்தாள். "கல்யாணம் ஆன நாள்லேருந்து நீங்க சொல்றதுக்கு நேர்மாறாத்தானே செஞ்சுட்டு வர்றேன். எனக்கு இது புதுசா என்ன?"

அப்படியே பழகிவிட்டது. அவர் சொல்வதைக் காதில் வாங்கும்போதே துணியைப் புரட்டிப் போடுகிற மாதிரி புரட்டிக்கொள்வாள். தையல்கடை வைத்திருக்கும் அவளுக்கு உள்பக்கம் எது, வெளிப்பக்கம் எது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்றைக்குப் பிரச்சினை காருக்கு. ஒரு வாரமாகச் சாவியைத் திருப்பினால் முனகியது. பேட்டரி மாற்றும் நேரம். நேற்று பேட்டரிக் கடைக்காரர் புதியதைக் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டு, "கழட்டி மாட்ட அஞ்சு நிமிஷம்மா. ஆனா காருக்கு ஞாபகம் போயிடும். மணி, ரேடியோ, சீட்டு எல்லாம் மறுபடி முதல்லேருந்து வைக்கணும்," என்றார்.

"சீட்டுமா?"

"சீட்டும்தான். அதுக்கென்ன, உக்காந்து வெச்சுக்கிட்டாப் போச்சு."

அவள் கடைக்காரரை மாட்டவிடாமல் திருப்பி அனுப்பிவிட்டாள்.

ஓட்டுநர் கதவின் உள்பக்கம் இரண்டு சின்னப் பொத்தான்கள். ஒன்று அவருக்கு. இரண்டு அவளுக்கு. ஒன்றை அழுத்தினால் இருக்கை மெல்ல முனகியபடி பின்னால் போகும், தாழும், சாயும். வெளிக்கண்ணாடிகள் நிமிர்ந்து பார்க்கும். இரண்டை அழுத்தினால் எல்லாம் அவளுக்காகக் குனிந்து முன்னால் ஓடிவரும். "ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு ஓட்டுறா பாரு," என்பார் அவர். அதிலிருந்து வீட்டுக்குள்ளும் அவள் பெயர் ரெண்டு. அவர் ஒண்ணு.

இந்த ஏழு மாதமும் காரை அவள்தான் ஓட்டினாள். ஆனால் ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு வந்து நிறுத்திய பிறகு, இறங்குவதற்கு முன், ஒன்றை அழுத்துவாள். யாரோ நெடிய ஆள் ஒருவர் ஏறி உட்காருவதுபோல இருக்கை தன்பாட்டுக்கு நீண்டு சாயும். பெடல் எட்டாமல், சின்னப் பிள்ளை மாதிரி காலை ஆட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் அதில் சாய்ந்திருப்பாள். என்றைக்காவது அவர் வந்து உட்காரும்போது எல்லாம் அவர் விட்ட இடத்தில் இருக்கவேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது.

டேப்பை எடுத்து அளந்து குறித்துவைக்கலாமே என்று நேற்று தோன்றாமல் இல்லை. கழுத்திலேயேதான் தொங்கியது. ஆனால் ஒருவருடைய அளவு கடையில் இருந்துவிட்டால் ஆள் வரவேண்டிய அவசியமில்லை. அவளுக்கு ஆள் வரவேண்டும்.

ஆகவே இந்த ஏற்பாடு. யோசனை அவருடையது. நேற்றே அவளுடைய ஸ்கூட்டரின் சின்ன பேட்டரியைக் காட்டி, இடது கையாலேயே விளக்கிவிட்டார். அதன் சிவப்புக் கம்பியின் கவ்வியைக் காரின் சிவப்பு முனையில் கடிக்கவிட வேண்டும். கறுப்புக் கவ்வியை எஞ்சினுக்குப் பக்கத்தில் வண்ணம் பூசாத இரும்பில். பெரிய பேட்டரி இல்லாத நேரத்தில் சின்னது காருக்கு ஞாபகம் ஊட்டிக்கொண்டிருக்கும். எந்த முனையை முதலில் கழற்றுவது என்பதை மட்டும் அவள் கேட்டுவைத்துக்கொள்ளவில்லை.

"கண்ணு சிமிட்டுதா?"

ஓட்டுநர் பக்கக் கண்ணாடியை இறக்கி வைத்திருந்தார்கள். உள்ளே மணி காட்டும் பலகைக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் பொட்டு விட்டுவிட்டு மினுங்கியது. அது மினுங்கும்வரை காருக்கு ஞாபகம் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டிருப்பது அவர் வேலை. இடது கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். வார்த்தை புரண்டாலும் விரல் புரள்வதில்லை.

"இப்ப சொல்லுங்க. எது முதல்ல?"

அவர் மூச்சை இழுத்துக்கொண்டார். உதட்டைக் குவித்தார். பிறகு, ஒவ்வொரு எழுத்தையும் கையில் வைத்துப் பார்த்துவிட்டு இறக்குவதுபோல, "கறுப்பு... முதல்ல," என்றார்.

"சரிங்க."

அவள் பத்தாம் நம்பர் ஸ்பேனரைச் சிவப்பு முனையில் மாட்டினாள்.

"கறுப்பு!"

"தெரியுது தெரியுது. அதைத்தான் செய்றேன்."

"கறுப்பு! கறுப்புடி!"

"அட, இருங்கங்க. கத்துனா மட்டும் நிறம் மாறிடுமா?"

நட்டு இளகி முனை ஆடத் தொடங்கியிருந்தது. இன்னும் ஒரு திருப்பு. ஸ்பேனரின் வால் பக்கத்து இரும்பைத் தொட்டது. பட்டென்று ஒரு வெடிப்பு, நீலப் பொறி. அவள் "ஐயோ!" என்று கையை உதறிக்கொண்டு பின்னால் துள்ள, ஸ்பேனரோடு முனையும் பிடுங்கிக்கொண்டு வந்தது, அதைக் கடித்துக்கொண்டிருந்த கவ்வியும் தெறித்துத் தரையில் விழுந்தது.

கருகிய வாடை.

கைத்தடி கீழே விழ, அவர் நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்துவிட்டிருந்தார். "கை... கையைக் காட்டு."

"ஒண்ணும் ஆகல. கை நல்லாத்தான் இருக்கு." அவள் அவர் பக்கம் திரும்பினாள். "பொட்டு? மினுங்குதா?"

அவர் கட்டைவிரலைக் காட்டவில்லை.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். ஒன்றாம் எண் போய்விட்டது. அவர் விட்டுப்போன இடம், சாய்வு, கண்ணாடி, எல்லாம். பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று நினைத்திருந்த ஒன்றைத் தன் கையாலேயே போட்டு உடைத்தாயிற்று. அழுகை வருவதற்கு முன்னால் கோபம் வந்தது.

"கறுப்புன்னு சொன்னீங்களே! சிவப்பைத்தானே கழட்டினேன்?"

"கறுப்புன்னா... கறுப்பு."

அவள் தலையைத் தூக்கினாள். கழற்றிய முனைக்கு உறை மாட்ட வைத்திருந்த ரப்பர் கையுறையை எடுத்து நீட்டினாள். "இது என்ன நிறம்?"

"மஞ்சள்."

"அதை எப்பவும் சரியாத்தான் சொல்லுவீங்க." முந்தானையை இழுத்துக் காட்டினாள். "இது?"

"சிவப்பு."

தன் தலைமுடியைப் பிடித்துக் காட்டினாள். "இது?"

அவர் நன்றாகப் பார்த்தார். "பாதி கறுப்பு. பாதி... வெள்ளை."

"கொழுப்பைப் பாரு," என்றாள் அவள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, கூடவே சிரிப்பும். "எப்பலேருந்து?"

அவள் கடையில் இருக்கும் நேரத்தில் பேச்சுப் பயிற்சிக்கு வரும் அம்மா வாரத்துக்கு மூன்று நாள் வண்ண அட்டைகளை வைத்துப் பழக்குகிறாராம். மூன்று வாரமாக நிறமும், ஆமாம் இல்லையும் சரியாக வருகிறதாம். "உனக்கு... சொல்லல. இன்னைக்கி... வேலையில... காட்டலாம்னு."

"நான் கேட்டப்போ இல்லன்னீங்களே?"

"இல்லன்னா... இல்லதான்."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். ஏழு மாதமாக அவருடைய வாயாக இருந்தவளுக்கு, அவருடைய வாய் திரும்பி வந்தது மட்டும் தெரியாமல் போயிற்று.

மீதி வேலையை அவர் சொல்லச் சொல்ல, சொன்னதைச் சொன்னபடியே செய்தாள். அதுதான் கஷ்டமாக இருந்தது. ஒவ்வொரு வார்த்தைக்கும் மனது தன்னால் புரள, அதைப் பிடித்து நேராக வைக்கவேண்டியிருந்தது. கறுப்பைக் கழற்றினாள். பழையதைத் தூக்கி இறக்கினாள். புதியதை வைத்து, சிவப்பை முதலில் இறுக்கி, கறுப்பைக் கடைசியில் இறுக்கினாள். சாவியைத் திருப்பியதும் கார் ஒரே மூச்சில் எழுந்தது. மணி பன்னிரண்டு காட்டியது. ரேடியோ வெறுமனே இரைந்தது.

அவள் இருக்கையில் உட்கார்ந்து ஒன்றை அழுத்தினாள். ஒரு சின்ன ஒலி மட்டும். இருக்கை அசையவில்லை.

"வாங்க," என்றாள், இறங்கப்போகிறவளாக. "நான் பிடிச்சுக்கிறேன். ஏறி உக்காருங்க. உங்க எடத்தை நீங்களே வெச்சுக்கலாம்."

அவர் கைத்தடியை ஊன்றிக் கதவருகே வந்து நின்றார். வெகுநேரம் பெடல்களைப் பார்த்தார். பிறகு தன் வலது காலை. இடது கையால் அவளுடைய தோளை அழுத்தி, இறங்கவிடாமல் உட்காரவைத்தார். காலையிலிருந்து அவர் வாயில் ஒரு வார்த்தைகூடப் பிசகவில்லை. இதை மட்டும் புரட்டிப் போட்டுக்கொள்ள அவளுக்கு வழியில்லை.

"ரெண்டு," என்று கூப்பிட்டார். "ஒண்ணுல... உன் எடத்தை வைம்மா."