கடிகாரத்தைக் கழற்றி வைக்கும் வில்லன்

குரோமசாவை உருவாக்கியவள் நான்தான். ஆறு கை, முதுகு நிறைய முள், பாதி டோக்கியோவை மிதித்தே நசுக்குகிற கார்ட்டூன் வில்லன்.

முதல் உருவத்தில் அவன் சாதாரண ஆபீஸ்காரன். இஸ்திரி போட்ட சட்டை, சிரித்த முகம். உருமாறுவதற்கு முன் கைக்கடிகாரத்தை நிதானமாகக் கழற்றி ஓரமாக வைப்பான். அப்புறம்தான் கொம்பு முளைக்கும். அது என் அப்பாவின் பழக்கம். அம்மாவை அடிக்கும் முன் அவர் அப்படித்தான் கழற்றி வைப்பார். கண்ணாடியில் கீறல் விழுந்துவிடக் கூடாதாம்!

பொம்மை கம்பெனிக்காரர்கள் ஒவ்வொரு உருமாற்றத்துக்கும் ஏதாவது கேட்டார்கள். இறக்கை கேட்டார்கள், வைத்தேன். வால் கேட்டார்கள், அதையும் வைத்தேன். முகத்தை மட்டும் தொட விடவில்லை. கடைசிப் பாகத்தில் அந்த முகம் சாக வேண்டும், அதை என் கையால் வரைய வேண்டும். அந்த ஆசையில்தான் வேலை நெருக்கிய நாட்களில் ஸ்டூடியோ மேசைக்கு அடியிலேயே படுத்துக் கிடந்தேன்.

பாழாய்ப்போன ஜனங்களுக்கு அவனைப் பிடித்துத் தொலைத்தது. கடிகாரம் கழற்றுகிற ஸ்டைலாம்! பொம்மைக் கடிகாரம் கடைக்கு வந்த அன்றே தீர்ந்துபோனது.

தயாரிப்பாளர் ஒகிட்சு கூப்பிட்டு அனுப்பினார்.

"குவாஹதா-சான், அவன் சாக வேணாம். திருந்தி மறுபடி மனுஷனா மாறிடறான். கதாநாயகி அவனை மன்னிச்சு, கடிகாரத்தைக் கையில கட்டிவிடறா. அதோட முடிக்கிறோம்."

"ஊரையே கொன்னவன் அவன்! செத்துத்தான் ஆகணும்."

"செத்தவன் கடிகாரத்தை யாருங்க வாங்குவா? உங்களுக்கு இஷ்டமில்லேன்னா சொல்லுங்க, வேற ஆளை வச்சு வரைஞ்சுக்கறேன்."

வேறு ஆள் வரைந்தால் இன்னும் அழகாக மன்னித்துத் தொலைப்பார்கள். நானே வரைந்தேன். அவனைச் சொன்னபடி திருத்தினேன். ஆனால் கடிகார வாரைக் கட்டுகிற கதாநாயகியின் விரல்களை நடுங்க வைத்தேன். கொக்கி துளையில் ஏறாமல் வழுக்கும், மறுபடி வழுக்கும். அவள் மன்னித்துக் கட்டவில்லை, பயந்து கட்டுகிறாள் என்று பார்க்கிறவர்களுக்கு உறைக்க வேண்டும். எனக்கு மிஞ்சியது அவ்வளவுதான்.

திரையிட்டுப் பார்த்தபோது ஒகிட்சு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அந்தக் கை நடுக்கம் இருக்கே, அடடா, என்ன பாசம்! எங்கேருந்துங்க பிடிச்சீங்க?"

எங்கள் வீட்டிலிருந்துதான். அடித்து ஓய்ந்ததும் அப்பா கையை நீட்டுவார். அம்மாதான் கட்டிவிடுவாள்.