மூன்றாவது மந்திரம்

இரண்டு ஷிப்ட் முடித்துத் தூங்காமல் ஆட வந்த ரகுவுக்கு எரிச்சல் தலைக்கேறியது. கும்மிடிப்பூண்டி உருக்காலை ஆட்கள் ஞாயிறு சாயங்காலம் அறையில் கூடி, ஆளுக்கொரு வேஷம் எடுத்துப் பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு அது. ரகுவின் வாள்வீரன் ஒரு மணி நேரம் வெட்டியும் சாகாத பூதத்தை, ஜெபாவின் மந்திரவாதி ஒரே நெருப்பில் பொசுக்கிவிட்டான்.

"இன்னா நியாயம் இது? நான் அடி வாங்கினே இருக்கணும், அவன் குந்திகினே எரிப்பானா?"

ஆட்டத்தை நடத்துபவர் இம்மானுவேல். ஆலையிலும் அவர்தான் சூப்பர்வைசர். விதிப் புத்தகத்தின் ஓரத்தில் புது விதி ஒன்றை எழுதி வாசித்தார்: ஓய்வில்லாமல் மூன்றாவது மந்திரம் போடுகிறவன் பகடை உருட்ட வேண்டும். ஒன்று விழுந்தால் தன் நெருப்பிலேயே வெந்துபோவான்.

"யாரா இருந்தாலும் ரெஸ்ட் வேணும்ல," என்றார். ரகுவுக்கு மனசு ஆறியது.

அப்போது அவருடைய போன் அடித்தது. பேசிவிட்டு ரகுவைப் பார்த்தார்.

"உலையாண்ட ஆள் இல்லையாம். நீ போய் நின்னுடுப்பா."

"நேத்து நைட்டும் நான்தாண்ணா, காலையிலயும் நான்தான்."

"இது ஒண்ணு மட்டும்."

அவர் பேச்சைத் தட்டி ரகுவுக்குப் பழக்கமில்லை. எழுந்து ஹெல்மெட்டை எடுத்தான். ஜெபா அவனைப் பார்த்துக்கொண்டே பகடையை உருட்டினான்.

அது நின்றதும் இம்மானுவேல் சட்டென்று உள்ளங்கையால் மூடினார்.

"போய்ட்டு வா," என்றார். கையை எடுக்கவில்லை.