பச்சைப் பாவாடை

பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தும் பச்சைப் பாவாடை கிடைக்கவில்லை.

அவர் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். மெத்தையைத் தூக்கிப் பார்த்தார். சின்ன ஹாஸ்டல் அறை. இரண்டு கட்டில், இரண்டு மேசை, ஒரு ஜன்னல். அவ்வளவு கனத்த துணி ஒளிந்துகொள்ள அதில் இடமே இல்லை.

போன் அடித்தது. மனைவி ஆஸ்பத்திரியில் மகளின் உடலுக்குப் பக்கத்தில் இருந்தாள். வெறும் காய்ச்சல் என்று தானே நடந்துபோய்ச் சேர்ந்த பெண் இன்று காலையில் போய்விட்டாள்.

"என்னங்க, கிடைச்சுதா?"

"தேடிட்டிருக்கேன்."

"நல்லாப் பாருங்க. நீங்க தைச்சதை எங்க தூக்கிப் போடப் போறா? நர்ஸம்மா துடைச்சு விட்டுட்டாங்க, வெறும் போர்வையில கிடக்கா. வண்டியும் வந்து நிக்குது. வேற எதையாவது தூக்கிட்டு வந்துடாதீங்க. எம்பொண்ணு அதுலதான் போகணும்."

அவர் கார், பஸ் சீட்டுகளுக்கு உறை தைப்பவர். மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தபோது, யார் வீட்டு சோபாவுக்கோ தைத்ததில் மிஞ்சிய துணியை எடுத்து, சீட்டு தைக்கும் மெஷினிலேயே அவளுக்கு அந்தப் பாவாடையைத் தைத்துக் கொடுத்தார்.

எதிர்க் கட்டிலில் அறைத்தோழி உட்கார்ந்திருந்தாள். மகள் போனில் 'கண்ணாடி' என்று சொல்வது இவளைத்தான். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"நீ பாத்தியாம்மா? பச்சைக் கலரு."

"இங்கதான்ப்பா... எங்கயாச்சும் இருக்கும்." தரையைப் பார்த்துச் சொன்னாள்.

அவர் சோர்ந்துபோய் மேசையில் கை ஊன்றினார். விரலில் ஒரு தகர டின் தட்டுப்பட்டது. பால்பவுடர் டின். பூப்பூவாகத் துளை போட்டு உள்ளே பல்பு வைத்திருந்தது. டின் எங்கேயும் நசுங்கவில்லை. வெறும் டின்னில் ஆணி அடித்தால் ஒடுங்கிப்போகும். உள்ளே ஏதாவது முட்டுக் கொடுக்க வேண்டும்.

"தண்ணி ஊத்தி ஐஸ் ஆக்கிட்டுத்தான் அடிச்சீங்களா?"

"ஆமாப்பா. மெஸ் ஃபிரிட்ஜ்ல வச்சா. மெஸ்காரம்மா கத்து கத்துன்னு கத்துனாங்க." கண்ணாடிக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றது. "எல்லாமே அவ ஐடியா. காசில்லாம ரூமை அரண்மனை ஆக்கிக் காட்டுறேன்னா."

ஈரத்தில் பொரிந்த சுவரை, வெள்ளையடித்த முட்டை அட்டைகள் மறைத்திருந்தன. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று கதவில் நோட்டீஸ். இருந்தும் ஜன்னலில் திரை தொங்கியது. அது எப்படி நிற்கிறது என்று பார்க்காமல் அவரால் இருக்க முடியவில்லை. கிட்டே போனார். ஒரு பிளாஸ்டிக் குழாய். இரண்டு முனையிலும் பழைய செருப்பு ரப்பர். குழாயை ஜன்னல் அகலத்தைவிடக் கொஞ்சம் நீளமாகவே வெட்டி, ரப்பரை நசுக்கி உள்ளே திணித்திருக்கிறாள். நசுங்கிய ரப்பர் விரியப் பார்க்கும், சுவர் விடாது. அந்தத் தள்ளலில்தான் குழாய் நிற்கிறது.

"மூளைக்காரி," என்றபடி திரையைத் தொட்டார்.

பின்னாலிருந்து வந்த வெளிச்சத்தில் அது கறுப்பாகத் தெரிந்திருந்தது. தான் தைத்த துணி என்று கைக்குத்தான் முதலில் தெரிந்தது.

கண்ணாடி எழுந்து நின்றுவிட்டாள். "அப்பா, திட்டாதீங்கப்பா."

"அவ இதைப் போடவே இல்லையா?"

"மொத நாள் போட்டா. சோபா துணின்னு எல்லாரும் கண்டுபிடிச்சிட்டாங்க. தலகாணி, தலகாணின்னு ஓட்டித் தள்ளிட்டாங்க." மூக்கை உறிஞ்சினாள். "நானும்தான்ப்பா."

அவர் திரையின் மடிப்பை விரலால் நீவினார்.

"அவளும் சிரிச்சிட்டுத்தான் இருந்தா. அப்புறம் ஒரு நாள் கிளாஸ் முடிஞ்சு வர்றேன், இது இங்க தொங்குது."

"கத்திரி போட்டாளா?"

"தெரியலப்பா."

போன் மறுபடி அடித்தது. அடித்து ஓய்ந்தது. கத்திரி பட்டிருந்தால் மனைவியிடம் என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

ரப்பரை அமுக்கிக் குழாயை இறக்கினார். துணியை மகளின் கட்டிலில் விரித்தார். கீழ் மடிப்பு அப்படியே இருந்தது. மேலே நாடா கோக்கும் மடிப்பில்தான் குழாய் ஓடியிருந்தது. அதில் நாடா ஓடினால் பாவாடை, குழாய் ஓடினால் திரை. மற்றபடி இரண்டும் ஒன்றுதான். பிரித்திருந்தது பக்கத் தையல் ஒன்றை மட்டும். ஓரத்தை விரலால் மேலிருந்து கீழ்வரை தடவிப் பார்த்தார். ஓர் இழைகூட அறுபடவில்லை. சீட்டுத் தையலைப் பிரிக்க அவரே பிளேடு போடுவார், துணியிலும் கீறல் விழும். இவள் ஊக்கை விட்டு ஒவ்வொரு தையலாக நெம்பி எடுத்திருக்கிறாள்.

"ஊசி நூல் இருக்காம்மா?"

கண்ணாடி கொண்டுவந்தாள். கேட்காமலே தன் பாவாடை ஒன்றிலிருந்து நாடாவை உருவித் தந்தாள்.

அவர் மனைவியைக் கூப்பிட்டார். "கிடைச்சிருச்சு."

"எங்கங்க இருந்துச்சு?"

"ஜன்னல் கிட்ட."

"நான் சொன்னேன்ல, பத்திரமா வச்சிருப்பான்னு."

"ம். வந்துடறேன்."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து இரண்டு ஓரங்களையும் சேர்த்துப் பிடித்தார். கனத்த துணியில் மெஷின் ஊசி போட்ட துளை சீக்கிரம் மூடாது. பழைய துளைகள் வரிசையாக அப்படியே இருந்தன. அவற்றின் வழியாகவே ஊசியை விட்டு, மேலிருந்து கீழே ஒரு தையல் போட்டால் போதும்.