ஜரிகை டப்பா

முதல் கையெழுத்து என் வீட்டுக்காரர் யேசுதாஸ் போட்டது. நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

எங்கள் தெருவில் கிறிஸ்தவத் தறிக்காரர்கள் பதினெட்டு வீடு. தறியிலிருந்து சேலை அறுத்ததும் மிஞ்சுகிற ஜரிகைத் துண்டுகளைக் கோயில் டப்பாவில் போடுவோம். துண்டானாலும் வெள்ளி வெள்ளிதானே. ஐந்து வருஷம் சேர்ந்தால் கோயிலுக்கு ஒரு மணி வாங்கலாம் என்று ஆசை.

கள்ளுக்கடை திறந்த வருஷம், முகூர்த்தச் சேலைக்கு முதலாளி நிறுத்துக் கொடுத்த ஜரிகையை இவர் விற்றுக் குடித்துவிட்டார். முதலாளி சேலையை எடை பார்த்துத்தான் வாங்குவார். குறைந்தால் தறி போகும், போலீஸும் வரும். நான் பங்குச் சாமியார் சவரிமுத்துவிடம் போய் அழுதேன். அவர் டப்பாவிலிருந்த துண்டுகளை வெள்ளிக்கடையில் விற்று, அந்தப் பணத்தில் புது ஜரிகை வாங்கிக் கொடுத்தார்.

"மெதுவா திருப்பிக் கட்டுங்க. யாருக்கும் தெரிய வேணாம்மா" என்றார்.

சேலை முடிந்தது. எடையும் சரியாக இருந்தது.

ஆனால் சாமியார் வெள்ளிக்கடையில் நின்றதைப் பக்கத்து வீட்டு ராஜவேலு பார்த்துவிட்டான். மணிக் காசைச் சாமியார் முழுங்கிவிட்டார் என்று தெரு முழுக்கச் சொன்னான். பிஷப்புக்கு மனு எழுதினார்கள்.

"நீயே கையெழுத்துப் போட்டியா?" என்று இவரைக் கேட்டேன்.

"போடலன்னா ஏன் போடலன்னு கேப்பாங்க. மொதல்ல போட்டுட்டா எவனும் கேக்க மாட்டான்."

இந்த மனிதனின் கெட்டிக்காரத்தனம் இதற்குத்தான் உதவியது.

விசாரிக்க ஒரு பெரிய சாமியார் வந்தார். கோயிலில் எல்லாரையும் வைத்துக்கொண்டே கேட்டார்.

"பணத்தை யாருக்குக் கொடுத்தீங்க?"

"ஒரு குடும்பத்துக்கு. பேரைச் சொல்ல மாட்டேன்" என்றார் எங்கள் சாமியார்.

கூட்டம் சிரித்தது. எனக்குப் பொறுக்கவில்லை, எழுந்துவிட்டேன். வாசலில் வேடிக்கை பார்த்துக்கொண்டு முதலாளியின் கணக்குப்பிள்ளை நின்றிருந்தார். நான் வாயைத் திறந்தால் முதலாளி காதுக்குப் போய்விடும். சாமியார் என்னையே பார்த்தார்.

"உக்காரும்மா, புள்ள அழுவுது."

பிள்ளை என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. நான் உட்கார்ந்துவிட்டேன்.

அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். ஒரு டிரங்குப் பெட்டியோடு பஸ் ஏறினாராம். நான் வழியனுப்பக்கூடப் போகவில்லை. போனால் ஏன் என்று கேட்பார்களே.

பிறகு தெருவில் கூடிப் புது டப்பா வாங்கினார்கள். இனிமேல் அது சாமியார் கையில் இருக்கக் கூடாதாம், நாணயமானவர் வீட்டில்தான் இருக்க வேண்டுமாம். முதலில் துணிந்து கையெழுத்துப் போட்டவரை விட்டால் வேறு யார்? டப்பா இப்போது எங்கள் தறிக்குப் பக்கத்தில் இருக்கிறது. சாவி என் இடுப்பில்.

நேற்று ராஜவேலுவின் அம்மா செல்லியம்மாள் வந்தாள். முந்தானையில் முடிந்திருந்த துண்டுகளை அவிழ்த்துப் போட்டாள்.

"உங்க ஊட்ல இருக்குதுன்னா எங்களுக்குப் பயமே இல்லம்மா" என்றாள்.

பூட்டிவிட்டு, அவளுக்குக் காபி போட்டுக் கொடுத்தேன்.