போதும் என்கிற சேதி

எட்டு வயதில் கவியா பன்னிரண்டு வயதுப் பெண்ணைப் போல இருந்தாள். உயரமும் ஜாஸ்தி, எடையும் ஜாஸ்தி. பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வைத்திருந்தார்கள்.

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி அவர்கள் வீடு. சமையலறைக்குப் பூட்டு போட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டுதான் அம்மா கஸ்தூரி வேலைக்குப் போவாள். செங்கம் ரோட்டு விடுதி ஒன்றில் அறைகளைப் பெருக்கித் துடைக்கும் வேலை. ஊற வைத்த அரிசியைப் பிள்ளை அப்படியே அள்ளித் தின்பதைப் பார்த்த பிறகுதான் பூட்டு வந்தது. பூட்டிய பிறகு, பக்கத்து வீட்டு மாட்டுக்கு வைத்த பருத்திக்கொட்டையில் கை வைத்தாள்.

அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே இப்படித்தான். பால் குடித்து முடித்ததும் அழுவாள். கஸ்தூரிக்கு அவளைப் பெற்றதிலிருந்து அயர்ந்து தூங்கிய நினைவே இல்லை.

கணவன் அருணகிரி ஆட்டோ ஓட்டினான். கஸ்தூரிக்குத் தாய்மாமன். அவனும் கனத்த உடம்புக்காரன்; அவளும் அப்படித்தான். ஆனால் பிள்ளையைப் பற்றிய பேச்சு வந்தால் எல்லோர் கண்ணும் கஸ்தூரி பக்கம்தான் திரும்பும். அருணகிரியின் அக்கா உண்ணாமலை, கஸ்தூரிக்குச் சித்தி முறை. பெற்றவள் கையில் கட்டுப்பாடு இல்லை, கேட்டதையெல்லாம் கொடுத்துக் கெடுத்துவிட்டாள் என்று வருகிறபோதெல்லாம் சொல்லிவிட்டுப் போவாள். அருணகிரி மறுத்துப் பேசியதில்லை. அவனும் அப்படித்தான் நினைத்தான்.

இரண்டாயிரத்து இரண்டாம் வருடம் சித்திரைப் பௌர்ணமியன்று விடுதியில் கூட்டம். கஸ்தூரி சாயங்காலம் வீடு திரும்பியபோது கவியாவைக் காணவில்லை. பாதையெங்கும் அன்னதானப் பந்தல்கள். ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்துக்கொண்டே போனாள். ஒரு பந்தலின் பின்புறம் கவியா குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். பாவாடை முழுக்கச் சாம்பார். வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் வரிசையில் போய் நின்றாள்.

கஸ்தூரி அவளை முடியைப் பிடித்து இழுத்து, முதுகில் இரண்டு வைத்தாள். வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு பெண்மணி குறுக்கே வந்து, வீட்டில் பிள்ளைக்குச் சோறு போடுவதில்லையா என்று கேட்டாள். அதிகம் போடுகிறாள் என்று ஒரு பேச்சு, போடுவதே இல்லை என்று ஒரு பேச்சு. கஸ்தூரி பாதையோரம் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். ஜனங்கள் சுற்றிக்கொண்டு போனார்கள்.

கவியா தள்ளி நின்று அழுதாள். பிறகு கிட்டே வந்து உட்கார்ந்தாள்.

“ஏன்டி இப்படிப் பண்ற?” என்றாள் கஸ்தூரி. திட்டக்கூடத் தெம்பில்லை.

“வயிறு நெறஞ்சிடுச்சும்மா. வலிக்குது,” என்றாள் கவியா. “ஆனா பசி போவல.”

மறுநாள் கஸ்தூரி வேலைக்குப் போகாமல் பிள்ளையை டவுன் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். இதற்கு முன்பு காட்டிய இடங்களில் எல்லாம் எண்ணெயைக் குறை, ஓட விடு என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். இந்த முறை கஸ்தூரி, பிள்ளை சொன்ன வார்த்தையை அப்படியே சொன்னாள். டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார். கவியாவிடம் அதையே திரும்பத் திரும்பக் கேட்டார். பெற்றவர்கள் சொந்தத்தில் கட்டிக்கொண்டவர்களா என்றும் விசாரித்தார். வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அங்கே அருணகிரியையும் சேர்த்து மூன்று பேருக்கும் ரத்தம் எடுத்தார்கள். வெளிநாட்டு ஆராய்ச்சிக் கூடத்துக்கு அனுப்ப வேண்டும், பதில் வர மாதக்கணக்காகும் என்றார்கள். மழைக்காலம் போய், பொங்கலும் போன பிறகுதான் கூப்பிட்டார்கள்.

டாக்டர் இராமலிங்கம் அவசரப்படாமல் பேசினார். “உடம்புல இருக்குற கொழுப்பு, ‘இருப்பு இருக்கு, போதும்’னு ரத்தத்து வழியா மூளைக்குச் சேதி அனுப்பிக்கிட்டே இருக்குங்க. மூளைக்கு அடியில அந்தச் சேதியைக் கேட்டு நடந்துக்குற இடம் ஒண்ணு இருக்கு. உங்க பொண்ணுக்கு அந்த இடம் சரியா வேலை செய்யல. சேதி போவுது, அங்க கேக்கல. அதனால மூளை அவ பட்டினி கெடக்குறதாவே நெனைக்குது.”

அந்த இடம் வேலை செய்ய வேண்டிய விதம் ஜீனில் இருக்கிறது என்றும், அம்மாவிடமிருந்து ஒன்றும் அப்பாவிடமிருந்து ஒன்றுமாக அது பிள்ளைக்கு வரும் என்றும் விளக்கினார். கவியாவுக்கு வந்த இரண்டுமே பழுது. பெற்றவர்கள் இருவருக்கும் ஒன்று நல்லது, ஒன்று பழுது. அவர்கள் உடம்பு கனத்திருப்பதற்கும் அதில் பங்கு இருக்கலாம். ஒரே குடும்பம் என்பதால் ஒரே பழுது இரண்டு பக்கமும் இருந்திருக்கிறது.

“அப்ப இவ வளத்ததுல தப்பு இல்லீங்களா?” என்று கேட்டான் அருணகிரி.

“இல்லீங்க. உங்க பொண்ணு பேர்லயும் தப்பு இல்ல.”

மருந்து உண்டா என்று கஸ்தூரி கேட்டாள். இப்போதைக்கு இல்லை என்றார் டாக்டர். சாப்பாட்டை அளந்து கொடுக்க வேண்டும், கண்ணில் படாமல் வைக்க வேண்டும், பூட்டு இருக்கட்டும் என்றார். வளர வளர இந்தப் பசி கொஞ்சம் கம்மியாகிறதாகச் சிலரிடம் பார்த்திருக்கிறார்கள். உறுதியாகச் சொல்ல முடியாது.

பழி நீங்கியதில் சந்தோஷம் வரும் என்று கஸ்தூரி எதிர்பார்த்தாள். வரவில்லை. எங்காவது படுத்துத் தூங்க வேண்டும் போலிருந்தது. திரும்பி வரும் பஸ்ஸில் தன் சின்ன வயது நினைவுக்கு வந்தது. கல்யாண வீடுகளில் இரண்டாம் பந்தியிலும் உட்கார்ந்து திட்டு வாங்கியவள் அவள். வெட்கங்கெட்டவள் என்று தன்னைப் பற்றி அவளே முடிவு செய்து வைத்திருந்தாள். கண்ணமங்கலம் தாண்டியதும் அருணகிரி, தூங்கிய பிள்ளையைத் தன் மடிக்கு மாற்றிக்கொண்டான்.

“நீ கண்ண மூடு, கஸ்தூரி,” என்றான். “நான் பாத்துக்கறேன்.”

உண்ணாமலை சித்தி நம்பவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்றின் மேல் பழியைப் போட்டுத் தப்பிக்கிறார்கள் என்றாள். அருணகிரி அன்றைக்கு முதல் தடவையாக அக்காவை எதிர்த்துப் பேசினான். “நம்ம ரத்தத்துலதான்க்கா இருக்கு. எனக்கும் இருக்கு,” என்றான். அவள் கோபித்துக்கொண்டு எழுந்து போனாள். பிறகு வருவது குறைந்தது.

அந்தக் கோடையில் பாதையோர வீட்டை விட்டு, வேட்டவலம் ரோட்டுப் பக்கம் ஒரு தெருவுக்குக் குடிபோனார்கள். அங்கே பந்தல்கள் வராது. அருணகிரிக்குப் பௌர்ணமி சவாரிக் காசு இல்லாமல் போனது. கஸ்தூரிக்கு வேலைக்கு இரண்டு பஸ் ஆனது. புதுப் பள்ளிக்கூடத்தில் டீச்சரிடம் விஷயத்தைச் சொன்னார்கள். அவருக்குப் பாதி புரிந்தது. பிள்ளைகள் கேலி செய்வது நிற்கவில்லை.

கவியாவின் பசியும் நிற்கவில்லை. ஆனால் கேட்பதற்கு இப்போது அவள் பயப்படவில்லை. “பசிக்குதும்மா,” என்பாள். “தெரியும்டி,” என்பாள் கஸ்தூரி. சோறு கொடுக்க மாட்டாள். அடுத்த வேளை வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். சில நாள் இரண்டு பேரும் அழுதார்கள். வருடங்கள் இப்படியே போயின.

பத்தாம் வகுப்புப் பரீட்சை நெருங்கிய ஒரு சாயங்காலம், கவியா புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே தோசை தின்றாள். பாதியில் தட்டைத் தள்ளி வைத்தாள்.

“அப்பறம் துன்றேன்மா,” என்றாள், தலையைத் தூக்காமல்.

கஸ்தூரி அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏதாவது சொன்னால் கலைந்துவிடும் போலிருந்தது. ஒரு கிண்ணத்தால் மூடி வைத்தாள். மறுநாள் காலையில் பிள்ளை வழக்கம்போல இன்னொரு இட்லி கேட்டாள். இல்லை என்று சொல்லிவிட்டு, கஸ்தூரி பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.