திறக்கக் கூடாத மூன்று நாள்

காலையிலிருந்து பெட்டிக்குள் கேட்டுக்கொண்டிருந்த கீச்சுச் சத்தம் நண்பகல் லுஹர் பாங்குக்குச் சற்று முன் நின்றுபோனது. அரிசி களைந்துகொண்டிருந்த ஸகியா கையைத் தண்ணீருக்குள்ளேயே வைத்துக்கொண்டு காது கொடுத்துக் கேட்டாள். வெளியே வறண்ட கச்சான் காற்று தென்னோலைகளை உலுப்பியது. அடுத்த வளவில் தறியடிக்கும் ஓசை. அறைக்குள்ளிருந்து பெட்டியின் மூடி திறக்கும் கிறீச்சொலி வந்தது, பிறகு மூடும் ஒலி. ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, திரும்பவும் திறந்தது.

"இன்னமும் ஓடு உடைக்கல்ல," என்று சாலிஹ் உள்ளேயிருந்து சொன்னான். அவளிடம் சொன்னானா, தனக்கே சொல்லிக்கொண்டானா தெரியவில்லை.

அறுபது முட்டை வைத்து இன்று இருபத்திரண்டாம் நாள். பொரித்தவை பதினொன்று. முதல் தடவை அறுபதில் பதினான்கு பொரித்தபோது, புதுப் பெட்டி, போகப் போகச் சரிவரும் என்று இருவரும் ஒருவரையொருவர் தேற்றிக்கொண்டார்கள். இப்போது போகப் போகக் குறைந்திருந்தது.

பெட்டியைச் சாலிஹ்தான் செய்தான். தேயிலைப் பெட்டி இரண்டை ஒன்றாக அறைந்து, உள்ளே சாக்கு விரித்து, கீழே மண்ணெண்ணெய் லாம்பு வைத்து, சூடு ஏற ஒரு தகரக் குழாய் பொருத்தி, ஈரத்துக்கு ஒரு தண்ணீர்ச் சட்டியும் வைத்திருந்தான். நடுவில் ஒருமுறை லீவில் வந்துபோனது தவிர, சவூதியில் ஐந்து வருடம் கோழிப்பண்ணையில் வேலை செய்தவன். அங்கே ஓர் அறை அளவான மெசினில் ஒரே தடவையில் ஆயிரக்கணக்கான முட்டை பொரிக்கும் என்று அவன் சொன்ன கதை மருதமுனையில் கேளாதவர் இல்லை. முட்டைகளை நாளுக்கு ஐந்து தடவை புரட்ட வேண்டும் என்றான். அந்தப் பொறுப்பை ஸகியா எடுத்துக்கொண்டாள். மறந்துபோகாமல் இருக்க, தான் தொழும் அறையிலேயே பெட்டியை வைக்கச் சொன்னாள். ஒவ்வொரு வக்துத் தொழுகை முடிந்ததும் பாயிலிருந்து எழுந்து அப்படியே முட்டைகளைப் புரட்டுவாள்.

வீடு ஸகியாவினுடையது. அவளுடைய வாப்பா கட்டிக் கொடுத்தது. மூத்தவள் நதீரா ராத்தாவுக்குக் கட்டிக் கொடுத்த வீடு பக்கத்து வேலிக்கு அப்பால் இருந்தது. பெண்பிள்ளைக்கு வீடு இல்லாமல் மாப்பிள்ளை எடுக்க முடியாத ஊரில் சாலிஹுக்கு இரண்டும் பெண்கள். ஒருத்திக்கு ஐந்து வயது, மற்றவளுக்கு இரண்டு. சின்னவள் வாப்பாவை முதன்முதலாகக் கண்டு ஐந்து மாதம்தான் ஆகிறது. அவனைச் "சவூதி வாப்பா" என்றுதான் கூப்பிட்டாள். இரண்டு வீடு எழும்ப வேண்டுமென்றால் திரும்பவும் போகத்தான் வேண்டும் என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். ஆட்களை அனுப்பும் மஜீட் அடுத்த மாதம் பாஸ்போட்டுகளைச் சேர்த்துக்கொண்டு கொழும்புக்குப் போகிறான். இந்த முறை மூன்று வருடம்.

"பாதி பொரிச்சாக் காணும், நான் போகமாட்டன்," என்று சாலிஹ் அவளிடம் சொல்லியிருந்தான். பாதி பொரித்தால் குஞ்சு விற்கலாம், கோழி வளர்க்கலாம், ஊரிலேயே ஒரு தொழில். அதைச் சொன்ன நாளிலிருந்து ஸகியாவுக்கு நித்திரை சரியில்லை. சோற்றை வடிக்கப் போனாலும் மனம் பெட்டியடியில் நின்றது.

நதீரா ராத்தா வேலியால் எட்டிப் பார்த்தாள். அன்றைக்கு அவளுடைய வீட்டில் ஓர் அடைக்கோழி குஞ்சுகளோடு இறங்கியிருந்தது.

"பதினொரு முட்டையில பத்துப் பொரிச்சிரிக்கி," என்றாள். "அது சவூதிக்கும் போகல்ல, தேயிலைப் பெட்டியும் வாங்கல்ல. உன்ட மாப்பிள்ளைய வந்து அதுக்கிட்டக் கொஞ்சம் கேட்டுட்டுப் போகச் சொல்லு."

ஸகியா சிரித்தாள். உள்ளே எரிந்தது. ராத்தாவே பிறகு ஓர் இரும்பாணியைக் கொண்டுவந்து கொடுத்தாள், இடி விழுந்தால் முட்டை கூழாகாமல் இருக்கப் பெட்டிக்குள் போட்டு வைக்கட்டுமாம். இரண்டு மாதமாக வானத்தில் ஒரு முழக்கமும் இல்லை. சாலிஹ் அந்த ஆணியையும் வாங்கிப் போட்டான்.

மறுநாள் அழகரெத்தினம் வந்தார். சொறிக்கல்முனைக்காரர். மிருக வைத்தியக் கந்தோரில் வேலை, கோழிக்கு ஊசி போடச் சைக்கிளில் ஊர் ஊராகப் போகிறவர். சாலிஹ்தான் கூட்டிவந்தான். பொரிக்காத முட்டைகளை முற்றத்து மணலில் சாக்கை விரித்து ஒவ்வொன்றாக உடைத்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு நின்ற பெரியவளை ஸகியா உள்ளே அனுப்பிவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றாள். அவர் இரண்டு குவியலாகப் பிரித்தார். ஒன்றில் கறுத்து அழுகி நாற்றமடிக்கும் முட்டைகள். மற்றதில் இறகும் நகமும் முளைத்து, முழுதாக வளர்ந்து, ஓட்டுக்குள்ளேயே செத்துக் கிடந்த குஞ்சுகள்.

"இது ரெண்டு சாவு தம்பி," என்றார். "ஒண்டு தொடக்கத்துல வந்திருக்கு. மத்தது கடைசியில."

சேவல் எத்தனை, முட்டை எத்தனை நாள் பழையது, சம்மாந்துறையிலிருந்து பஸ்ஸில் எப்படி வருகிறது என்றெல்லாம் கேட்டார். உமிக்குள் வைத்துத்தான் வருகிறது, கிழமைக்கு மேல் பழையதில்லை என்று சாலிஹ் சொன்னான். அவர் அழுகிய குவியலைக் குச்சியால் கிளறினார். முட்டை ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் உண்டு, அவற்றை அடைத்துக்கொண்டு ஒரு மெல்லிய பூச்சும் உண்டு, அது போனால் ஊத்தையெல்லாம் உள்ளே இறங்கிவிடும் என்றார்.

"தண்ணி ஏதும் பட்டுதா இதுல?"

"இல்ல. கூடையில வந்த மாதிரியே எடுத்து அடுக்கிற."

கதவுக்குப் பின்னால் ஸகியாவுக்குக் கிணற்றடி நினைவுக்கு வந்தது. கூடை காலை பஸ்ஸில் வரும். சாலிஹ் அந்த நேரம் கடைத்தெருவில் நிற்பான். கோழி எச்சம் காய்ந்து ஒட்டியிருக்கும் முட்டைகளைத் தொழும் அறைக்குள் எப்படிக் கொண்டுபோவது? கிணற்றடியில் பேசின் நிறையத் தண்ணீர் இறைத்து, சவுக்காரம் கரைத்து, ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவி, பழைய சீலையில் துடைத்து வைப்பாள். அதை ஒரு வேலையென்றே அவள் நினைத்ததில்லை. அரிசி களைவது மாதிரி, கறிச்சட்டி கழுவுவது மாதிரி. இப்போது வாயைத் திறந்து சொல்ல வேண்டும். அந்நிய ஆண் முன்னால், இத்தனை நாற்றத்துக்கும் காரணம் நான்தான் என்று.

அதற்குள் அழகரெத்தினம் அடுத்த குவியலுக்குப் போயிருந்தார். செத்த குஞ்சு ஒன்றைக் கையில் எடுத்தார். ஓட்டுக்குள்ளேயிருந்த வெள்ளைத் தோல் அதன்மேல் காய்ந்து ஒட்டிக் கிடந்தது.

"கடைசி மூணு நாளும் மூடியத் தொறந்தயளா?"

"இல்ல," என்றான் சாலிஹ். "புரட்டக்குள்ள மட்டுந்தான்."

"அதுவும் கூடா. பதினெட்டாம் நாளோட கைய எடுத்திரணும். தண்ணிச் சட்டிய நிரப்பி மூடினா மூடினதுதான். இந்தக் கச்சான் ஒருக்கா உள்ள பூந்தாக் காணும், தோல் இறுகிரும். குஞ்சு திரும்ப ஏலாமக் கிடந்து சாகும்."

சாலிஹ் தலையாட்டினான். ஸகியா தேநீரைக் கொண்டுபோய்க் கதவடியில் வைத்தாள். சீனி போட மறந்திருந்தாள். அழகரெத்தினம் அப்படியே குடித்துவிட்டுப் போனார்.

அடுத்த ஒரு கிழமையும் இருவரும் வீட்டுக்குள் முட்டி மோதித் திரிந்தார்கள். சாலிஹ் லாம்புத் திரியை மாற்றினான். பெட்டியின் காலுக்குக் கட்டை வைத்தான், எடுத்தான். வெப்பமானியைத் தன் நாக்குக்கடியில் வைத்துச் சரிபார்த்தான். லாம்பில்தான் பிழை என்று காலையில் சொன்னால் பின்னேரம் பஸ் குலுக்கலில் பிழை என்றான். ஸகியா எல்லாவற்றுக்கும் ஓம் போட்டாள். அவன் சொன்ன பொய் அவளுக்குத் தெரியும். தன்னுடைய மௌனமும் தெரியும். ஒன்றைச் சொன்னால் மற்றதையும் இழுத்துக்கொண்டு வரும் என்று பயந்தாள். மஜீட் ஒருநாள் சந்தியில் மறித்து, வெள்ளிக்கிழமை வேன் போகிறது, பாஸ்போட்டை ஆயத்தமாக வை என்று சொன்னதாகச் சாலிஹ் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். எந்த வெள்ளிக்கிழமை என்று கேட்டு ஸகியா விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். கூடை நாளைக்கு வந்தால், இருபத்தோராம் நாள் அதே வெள்ளிக்கிழமைதான்.

கூடை வந்தது. ஸகியா பேசினில் தண்ணீர் நிரப்பிவிட்டுக் கிணற்றடியில் குந்தியிருந்தாள். ஒரு முட்டையைக் கையில் எடுத்தாள். எச்சமும் ஓர் இறகுத் துணுக்கும் ஒட்டியிருந்தன. வெகுநேரம் அதைக் கையில் வைத்திருந்தாள். பிறகு பேசினைச் சரித்து முழுத் தண்ணீரையும் வாழையடியில் ஊற்றினாள். மிகவும் ஊத்தையானவற்றைக் குசினிக்கென்று ஒதுக்கிவிட்டு மீதியைக் கூடையோடு அப்படியே உள்ளே கொண்டுபோய் வைத்தாள். பிறகு தொழுகைப் பாயைச் சுருட்டினாள்.

சாலிஹ் அப்போதுதான் உள்ளே வந்தான். "என்ன புள்ள, பாய எங்க கொண்டு போறாய்?"

"முட்டையெல்லாம் எச்சத்தோட கிடக்கு. இதுக்குள்ள நிண்டு தொழ ஏலா."

"முந்தியும் இதுக்குள்ளதானே தொழுத நீ."

"முந்தி நான் கழுவித்தான் வெச்சன் மச்சான். சவுக்காரம் போட்டு. ரெண்டு தரமும்."

அவன் குனிந்து ஒரு முட்டையை எடுத்து அந்த எச்சக் கறையைப் பார்த்தான். அவள் ஏச்சுக்குக் காத்து நின்றாள். ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அவன் சுவரோடு சாய்ந்து கீழே உட்கார்ந்தான்.

"அந்த மனிசன் கேக்கக்குள்ள நீ கதவடியிலதானே நிண்ட."

"ஓம்."

"நான் தொறக்கல்ல எண்டு சொன்னதும் கேட்டிருக்கும்."

"ஓம்."

வெளியே கச்சான் ஒரு தகரத்தை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. அவன் முட்டையை உமிக்குள் திரும்ப வைத்தான்.

"அந்த மெசின் அறைக்குள்ள என்னை ஒருநாளும் விடல்ல, ஸகியா. கண்ணாடிக்கு இஞ்சால நிண்டு தரை கழுவுறதுதான் என்ட வேல. அஞ்சு வருசமும். உள்ள குஞ்சு வாறத்த ஆரோ பாப்பாங்க, நான் தண்ணிய அள்ளி ஊத்துவன்." கையில் ஒட்டிய உமியைத் தட்டினான். "நம்மட ரெண்டு புள்ளையளும் பொறந்தத்தக் கடதாசியிலதான் வாசிச்சன். ஒண்டையாவது வரக்குள்ள பாப்பம் எண்டு தொறந்தன். தொறந்தாக் கை நிக்குதில்ல."

ஐந்து வருடமாக அவள் மனதில் அவன் வெள்ளைக் கோட்டுப் போட்டு ஒரு பெரிய மெசினுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். ராத்தாவிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தாள். அந்த ஆளை அனுப்பிவிட்டு, வாளியோடு நிற்கும் இந்த ஆளை அங்கே நிறுத்த அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. இவனை அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. இவன் மாப்பிள்ளையாக வந்த முதல் கிழமையிலேயே கேளாமல் கிணற்றடியைத் தேய்த்துக் கழுவியவன்.

"இனி ரெண்டு பேரும் கையக் கட்டிட்டு இருப்பம்," என்றாள்.

பதினெட்டாம் நாள் தண்ணீர்ச் சட்டியை நிரப்பி, மூடியைச் சுற்றி ஈரச் சாக்கைத் திணித்து மூடினார்கள். அதற்குப் பிறகு சாலிஹால் வீட்டில் இருக்க முடியவில்லை. மீன்பிடித்துப் பழகாதவன் கடற்கரைக்குப் போய், கரைவலை இழுக்கிறவர்களோடு நின்று வலை இழுத்துவிட்டு உள்ளங்கை உரிந்து வந்தான். வேலியை ஒரு பக்கம் பிரித்துத் திரும்பக் கட்டினான். ஸகியாவும் மடித்த சீலையையே திரும்ப அவிழ்த்து மடித்தாள். அறை வாசலைக் கடக்கும்போதெல்லாம் இருவரும் மற்றவரைப் பார்த்துக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சற்று நேரத்தில் வேலி வாசல் கடப்படியில் மஜீட்டின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. வேன் நான்கு மணிக்கு, பாஸ்போட்டைத் தரச் சொல்லிக் கூப்பிட்டான். ஸகியா அலுமாரியிலிருந்து அதை எடுத்துக்கொண்டு அறை வாசலுக்கு வந்தாள்.

சாலிஹ் பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் இருந்தான். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. இரண்டு கைகளையும் தொடைகளுக்குக் கீழே கொடுத்து அவற்றின் மேல் உட்கார்ந்திருந்தான். எதிரே சின்னவள் அவனைப் பார்த்து அதேபோல் கைகளைக் கீழே கொடுத்து, வாயை இறுக்க மூடிக்கொண்டு இருந்தாள். பெட்டிக்குள் ஒரு மூலையில் கீச்சென்றது. பிறகு அடுத்த மூலையில். நடுவில் ஒன்று.

"எத்தன கேக்குது உனக்கு?" என்று அவன் மெல்லக் கேட்டான்.

ஸகியா குனிந்து பெட்டிப் பலகையில் காதை வைத்தாள். எண்ண முடியவில்லை. ஒன்றைப் பிடித்தால் மற்றொன்று குறுக்கே வந்தது. கடப்படியில் ஹோன் அடித்தது.

ஸகியா அவர்களோடு தரையில் உட்கார்ந்தாள். சின்னவள் நகர்ந்து வந்து, உம்மாவின் கைகளை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தொடைக்குக் கீழே தள்ளினாள், பாஸ்போட்டோடு சேர்த்து. ஹோன் இன்னொரு தடவை அடித்தது. பெட்டிக்குள் எங்கோ ஒரு முட்டையோட்டை உள்ளேயிருந்து எதுவோ விடாமல் கொத்திக்கொண்டிருந்தது.